பி.டி. பருத்தியும் இரண்டு காய்ப்புழுக்களும்: ஒரு வரலாறு

பி.டி. பருத்தி என்பது காய்ப்புழுக்களைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளுமாறு மரபணு மாற்றம் செய்யப்பட்ட பருத்தி ஆகும். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் மரபணு இதில் சேர்க்கப்பட்டுள்ளது. அப்பெயரின் சுருக்கமே பி.டி. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டு விவசாயிகள் பரவலாகப் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் இது ஒன்றுதான்.

இந்த விதை முக்கியமாக இரண்டு புழுக்களை எதிர்த்துக் கொண்டுவரப்பட்டது. ஒன்று அமெரிக்கன் காய்ப்புழு, மற்றொன்று இளஞ்சிவப்புக் காய்ப்புழு. முதலாவது புழு பி.டி. பருத்தி வந்தபின் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. இரண்டாவது புழுவோ பத்தாண்டு முடிவதற்குள் அந்த நஞ்சைத் தாங்கிக்கொள்ளப் பழகி, மீண்டும் வயலைப் பிடித்துக்கொண்டது. விதையும் ஒன்று, வயலும் ஒன்று. முடிவு மட்டும் ஏன் வேறுபட்டது? பி.டி. பருத்தியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியே சரியான வாசல்.

இரண்டு புழுக்கள்

அமெரிக்கன் காய்ப்புழுவின் அறிவியல் பெயர் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. பெயரில் அமெரிக்கா இருந்தாலும் இது ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் நெடுங்காலமாக வாழும் பூச்சி. இதன் அந்துப்பூச்சி செடியின் இளந்தளிர்களில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். புழு தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலின் பின்பகுதி வெளியே தெரியத் தின்னும். ஒரு காயோடு நிற்காமல் அடுத்தடுத்த சப்பை, பூ, காய் எனத் தாவிச் செல்லும். பருத்தி இல்லாவிட்டாலும் இதற்குக் கவலையில்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, சூரியகாந்தி என நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் இதற்கு உணவு.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் அறிவியல் பெயர் பெக்டினோபோரா காசிபியெல்லா. 1843-ஆம் ஆண்டு சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இதை முதன்முதலில் விவரித்தார். அதற்கான மாதிரிகள் இந்தியாவில் பருத்தியைத் தாக்கிய பூச்சிகளிலிருந்து கிடைத்தவை. இப்புழு முட்டையிலிருந்து வெளிவந்ததும் காயைத் துளைத்து உள்ளே போய்விடும். நுழைந்த துளையும் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் காய் நல்ல காயாகவே தெரியும். உள்ளே விதையைத் தின்று, பஞ்சைக் கறையாக்கியிருக்கும். காய்க்குள் இருக்கும் புழுமீது தெளிப்பு மருந்து படாது. பருவம் முடிந்ததும் விதைக்குள்ளும் காய்ந்த காய்களுக்குள்ளும் உறக்க நிலையில் மாதக்கணக்கில் காத்திருக்கும். இதன் உணவு ஏறக்குறைய முழுவதும் பருத்தியே.

பல பயிர்களில் வாழும் புழு, ஒரே பயிரில் வாழும் புழு என்ற இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றை விளக்க இது உதவும்.

மருந்து தோற்ற காலம்

1970-கள் முதல் இந்தியாவில் வீரிய ஒட்டுப் பருத்தி பரவியது. உரமும் நீரும் பெற்றுச் செழித்து வளர்ந்த செடிகளைப் பூச்சிகளும் நாடி வந்தன. 1980-களின் தொடக்கத்தில் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் சந்தைக்கு வந்தன. தெளித்தவுடன் புழு விழுந்ததால் விவசாயிகள் அவற்றைப் பெரிதும் நம்பினர். தேவைக்கு மேலும் தெளித்தனர். சில ஆண்டுகளிலேயே அமெரிக்கன் காய்ப்புழு அம்மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றது. 1987-ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தின் கடலோர மாவட்டங்களில் பருத்தி பெருஞ்சேதம் அடைந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது.

அடுத்த பத்தாண்டில் நிலைமை மேலும் மோசமானது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே கொண்ட பருத்திக்கு, நாட்டில் பயன்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லியில் சுமார் பாதி செலவாயிற்று. 1997–98 பருவத்தில் வாரங்கல் பகுதியில் பயிர் அழிந்து, கடன் கழுத்தை நெரித்து, பருத்தி விவசாயிகள் பலர் தற்கொலை செய்துகொண்டனர். பூச்சியைக் கொல்ல வாங்கிய மருந்தையே சிலர் குடித்தனர். பி.டி. பருத்தியைப் பற்றிப் பேசும் எவரும், அது வருவதற்கு முன்பிருந்த இந்த நிலைமையை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

பட்டுப்புழுவின் நோயிலிருந்து பருத்தி விதை வரை

இந்த மரபணுவைத் தந்த பாக்டீரியாவின் வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. 1901-ஆம் ஆண்டு ஷிகெடானே இஷிவாட்டா என்ற அறிவியலாளர், பட்டுப்புழுக்களைத் திடீரெனச் சாகடித்த நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1911-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் பெர்லினர், மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் இதே வகைப் பாக்டீரியாவைக் கண்டார். துரிங்கியா என்ற பகுதியின் பெயரால் 1915-இல் அதற்குப் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார்.

1938-இல் பிரான்சில் இந்தப் பாக்டீரியாவைக் கொண்டு பூச்சிக்கொல்லி தயாரிக்கப்பட்டது. இயற்கை விவசாயிகள் இன்றும் இதைத் தெளிக்கின்றனர். ஆனால் வெயிலில் சீக்கிரம் அழிந்துவிடும் என்பது தெளிப்பு முறையின் குறை.

இந்தப் பாக்டீரியா ஒரு படிகப் புரதத்தை உருவாக்குகிறது. புழு அதை உண்டதும், காரத்தன்மை கொண்ட அதன் நடுக்குடலில் புரதம் கரைந்து செயல்படும் நஞ்சாகிறது. நஞ்சு குடல் சுவரிலுள்ள ஏற்பிகளில் ஒட்டி, துளைகளை உண்டாக்குகிறது. புழு உண்பதை நிறுத்திவிட்டுச் சாகிறது. மனிதக் குடலில் அந்த ஏற்பிகள் இல்லை. சாவி பொருந்தும் பூட்டு இருக்கும் உயிரைத்தான் அது கொல்லும் எனலாம்.

1981-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷ்னெப், வைட்லி ஆகிய இருவர் இந்தப் புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்து நகலாக்கினர். 1987-இல் பெல்ஜியத்தின் பிளான்ட் ஜெனிடிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தினர் அதைப் புகையிலைச் செடியில் சேர்த்த ஆய்வு வெளிவந்தது. 1990-இல் மான்சாண்டோ நிறுவன அறிவியலாளர்கள் பருத்தியில் வெற்றி கண்டனர். கிரை1ஏசி என்னும் புரதத்தைக் கொண்ட பருத்தி 1996-இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், அடுத்த ஆண்டில் சீனாவிலும் விவசாயிகளின் வயலுக்கு வந்தது.

இந்தியாவுக்கு வந்த விதம்

மகாராட்டிரத்தைச் சேர்ந்த மஹிகோ விதை நிறுவனம் மான்சாண்டோவுடன் இணைந்து இந்தியாவில் வயல் சோதனைகளை நடத்தியது. அரசின் முடிவு வருவதற்குள் விதை வயலுக்கு வந்துவிட்டது. 2001-ஆம் ஆண்டு குஜராத்தில் காய்ப்புழுத் தாக்குதல் கடுமையாக இருந்தபோது, நவபாரத் 151 என்ற பருத்தி மட்டும் தப்பி நின்றது. சோதித்துப் பார்த்தபோது அதில் அனுமதி பெறாத பி.டி. மரபணு இருப்பது தெரிந்தது. பல ஆயிரம் ஏக்கரில் நின்ற அப்பயிரை அழிக்குமாறு உத்தரவு பிறந்தது. காய்த்து நிற்கும் செடியைப் பிடுங்க விவசாயிகள் உடன்படவில்லை.

2002 மார்ச் 26 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, மெக் 12, மெக் 162, மெக் 184 ஆகிய மூன்று பி.டி. ஒட்டு ரகங்களுக்கு அனுமதி அளித்தது. 2006-இல் கிரை1ஏசி, கிரை2ஏபி என இரு புரதங்களைக் கொண்ட இரண்டாம் தலைமுறைப் பருத்தி அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆந்திர அரசு தொடுத்த வழக்கின் விளைவாக, ஏறத்தாழ 1,600 ரூபாயாக இருந்த 450 கிராம் விதைப் பொட்டலத்தின் விலை 750 ரூபாய் அளவுக்கு இறங்கியது. பிறகு பரவல் மிக வேகமானது. சில ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பி.டி. ஆயிற்று.

மகசூல் பற்றிய விவாதம்

2001–02-இல் எக்டேருக்கு ஏறத்தாழ 308 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல், 2007–08-இல் 554 கிலோவாக உயர்ந்தது. இது முழுவதும் மரபணுவின் சாதனை என்போரும் உண்டு, அதில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்போரும் உண்டு.

2012-இல் வெளியான கதாகே, கெய்ம் ஆகியோரின் ஆய்வு, பி.டி. பருத்தியால் ஏக்கருக்கு 24 விழுக்காடு விளைச்சலும் 50 விழுக்காடு இலாபமும் கூடியதாகக் கணக்கிட்டது. 2020-இல் கிராந்தி, ஸ்டோன் ஆகியோர் இருபதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தனர். உரப் பயன்பாடும், நீர்ப்பாசனமும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான புதிய மருந்துகளும் விளைச்சலை உயர்த்தியதில் பெரும்பங்கு வகித்தன என்றும், பூச்சிக்கொல்லிச் செலவு குறைந்தது தற்காலிகமே என்றும் அவர்கள் எழுதினர். விளைச்சல் பற்றி இவ்வாறு கருத்துகள் மாறுபட்டாலும் ஒன்றில் ஐயமில்லை. அமெரிக்கன் காய்ப்புழுவுக்காக அடித்த மருந்து முதல் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. அடுத்தடுத்து மருந்துப் பீப்பாயைத் தோளில் சுமந்த குடும்பங்களுக்கு அது சிறிய உதவியன்று.

புகலிடப் பயிர்: ஒரு எளிய கணக்கு

எந்த நஞ்சானாலும் அதைத் தாங்கும் புழு இலட்சத்தில் ஒன்றோ, கோடியில் ஒன்றோ இயற்கையிலேயே இருக்கக்கூடும். பி.டி. வயலில் மற்றவை மடிய, அது மட்டும் பிழைக்கும். பிழைத்த ஆணும் பிழைத்த பெண்ணும் கூடினால் குஞ்சுகள் அனைத்தும் தாங்கும் தன்மை பெறும்.

இதைத் தடுக்க அறிவியலாளர்கள் ஒரு வழி கண்டனர். பி.டி. வயலின் அருகிலேயே சாதாரணப் பருத்தியையும் கொஞ்சம் வளர்த்தால், அங்கே நஞ்சுக்கு மடியக்கூடிய சாதாரணப் புழுக்கள் ஏராளமாக வளரும். பி.டி. வயலில் பிழைத்த அரிய அந்துப்பூச்சி, எண்ணிக்கையில் மிகுந்த இந்தச் சாதாரண அந்துப்பூச்சிகளில் ஒன்றுடன்தான் கூடும். எதிர்ப்புத்தன்மை ஒடுங்கு பண்பாக இருந்தால், பிறக்கும் கலப்புக் குஞ்சுகள் நஞ்சுக்கு மடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் படிக்கும் மெண்டலின் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்ற பாடம்தான் இது. இவ்வாறு வளர்க்கப்படும் சாதாரணப் பயிருக்குப் புகலிடப் பயிர் என்று பெயர்.

இந்தியாவில் வயலைச் சுற்றி ஐந்து வரிசைகள் அல்லது 20 விழுக்காடு பரப்பு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவு புகலிடப் பயிர் நடவேண்டும் என்பது அப்போதைய விதி. 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் பொட்டலத்தில் வைத்துத் தரப்பட்டது. பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. இதை விவசாயியின் அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமன்று. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம், ஐந்தில் ஒரு பங்கைப் புழு தின்னக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பார்? அதன் பலன் பல ஆண்டு கழித்து ஊருக்கே கிடைக்கும், இழப்போ இந்த ஆண்டே அவருக்கு மட்டும். இழப்பீடும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. பின்னாளில் இரு விதைகளையும் ஒரே பையில் கலந்து விற்கும் முறை கொண்டுவரப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அமெரிக்கன் காய்ப்புழுவைப் பொறுத்தவரை இந்தத் தவறு பெரிதாகப் பாதிக்கவில்லை. சுற்றிலும் இருந்த துவரையும் கொண்டைக்கடலையும் தக்காளியும் யாரும் நடச் சொல்லாமலேயே அதற்குப் புகலிடமாக அமைந்தன. பருத்தியை மட்டுமே உண்ணும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அப்படி ஒரு புகலிடம் இல்லை. 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி.யாகிவிட்ட நாட்டில், பிழைத்த புழு பிழைத்த புழுவையே சந்தித்தது.

புழு மீண்டது

2010 மார்ச்சில் மான்சாண்டோ நிறுவனமே இதை வெளியிட்டது: குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசி புரதத்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. இரு புரதங்கள் கொண்ட விதை அதைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2015 அளவில் குஜராத்தில் அந்த விதையும் பெருஞ்சேதம் கண்டது. அடுத்து மகாராட்டிரம், தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம் எனப் பரவி, 2021-இல் பஞ்சாபின் பட்டிண்டா, மான்சா மாவட்டங்களையும் புழு தாக்கியது.

புகலிடம் இல்லாமை மட்டுமே காரணம் அன்று. மற்ற நாடுகளில் பெரும்பாலும் ரகங்களாக விற்கப்பட்ட பி.டி. பருத்தி, இந்தியாவில் ஒட்டு விதையாகவே விற்கப்பட்டது. ஒட்டுச் செடியின் காயில் உள்ள விதைகள் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை. எனவே ஒரு பி.டி. மரபணுவைக் கணக்கில் கொண்டால், நான்கில் ஒரு விதையில் அது இருக்காது. காய்க்குள் விதையைத் தின்னும் இந்தப் புழுவுக்கு நஞ்சுள்ள விதையும் நஞ்சில்லாத விதையும் கலந்து கிடைத்தன. கொல்லாத அளவு நஞ்சு கிடைத்தால் எதிர்ப்புத்திறன் விரைந்து வளரும் என்பது அறிவியலாளர் பலரின் கருத்து. மேலும் இந்த ஒட்டுச் செடிகள் நீண்ட நாள் காய்ப்பவை. ஆறு மாதம், அதற்கும் மேல் எனப் பயிரை வயலில் விட்டுவைத்ததால், பருவத்தின் கடைசியில் வரும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு விருந்து நீண்டது.

விளைவை அனுபவித்தவர்கள் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். 2017-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தபோது விஷம் தாக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளுக்கிடையே, பாதுகாப்புக் கவசம் ஏதுமின்றி, பல மருந்துகளைக் கலந்து அவர்கள் தெளித்திருந்தனர். மருந்தைக் குறைப்பதற்காக வந்த விதையின் வரலாற்றில் இது வேதனையான பக்கம்.

அரிசோனாவும் சீனாவும்

இதே புழுவை மற்ற நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன? அமெரிக்காவில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு 1917-இல் டெக்சாஸ் மாநிலத்தில் முதலில் காணப்பட்டது. அரிசோனா விவசாயிகள் 1996 முதல் பத்தாண்டுகள் புகலிடப் பயிரை ஒழுங்காக வளர்த்தனர். 2006 முதல், கதிர்வீச்சால் மலடாக்கப்பட்ட கோடிக்கணக்கான அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து வயல்களில் விட்டனர். அவற்றோடு கூடிய பெண் பூச்சிகளின் முட்டைகள் பொரியவில்லை. அறுவடை முடிந்ததும் செடிகளை உழுது மண்ணில் புதைப்பதும் கட்டாயம். 2018 அக்டோபரில் அமெரிக்க வேளாண்துறை தன் பருத்தி வயல்களில் இந்தப் புழு அற்றுப்போய்விட்டதாக அறிவித்தது.

சீனாவின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேறொரு விதமாக நடந்தது. அங்கே எதிர்ப்புத்திறன் மெல்லத் தலைகாட்டிய வேளையில், விவசாயிகள் பி.டி. பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் கலந்து பெற்ற ஒட்டின் இரண்டாம் தலைமுறை விதைகளை, விலை மலிவு காரணமாக விதைத்தனர். அவற்றில் முளைத்த செடிகளில் நான்கில் ஒன்று பி.டி. அல்லாதது. வயலெங்கும் தானாகவே புகலிடம் உருவாகிவிட, எதிர்ப்புத்திறன் மீண்டும் குறைந்தது. இந்தியாவில் காய்க்குள் விதைகளிடையே நிகழ்ந்த நான்கில் ஒன்று என்ற கலப்பு, சீனாவில் வயலுக்குள் செடிகளிடையேயும் நிகழ்ந்தது. சாதாரணப் புழு முழுதாக வளர ஒரு முழுச் செடி கிடைத்ததே பெரிய வேறுபாடு.

பழைய பாடம்

அரிசோனாவில் செடிகளை உழுது புதைத்தது புதிய உத்தி அன்று. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களில் இத்தகைய சட்டங்களுக்கு அது முன்னோடி. ஆண்டு முழுவதும் வயலில் விட்டுவைக்கப்பட்ட கம்போடியா பருத்தியைப் பருவம் முடிந்ததும் பிடுங்க வேண்டும் என்று அச்சட்டத்தின்கீழ் ஆணையிடப்பட்டது. பருத்தியே இல்லாத சில மாதங்கள் இருந்தால், பருத்தியை மட்டும் நம்பி வாழும் புழு பட்டினியால் குறையும் என்பதே அதன் கருத்து.

இன்று வேளாண் அறிவியலாளர்கள் தரும் அறிவுரையும் ஏறக்குறைய அதுவே. குறுகிய காலத்தில் காய்த்து முடியும் ரகங்களைத் தேர்ந்தெடுத்து, ஊரார் ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும். பயிரை நீட்டிக்காமல் முடித்துவிட வேண்டும். பருத்திமாரை வேலியோரமும் வீட்டோரமும் குவித்து வைக்கக் கூடாது. அரவை ஆலைகளில் மிஞ்சும் விதைகளையும் கழிவையும் அழிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளை எண்ணி, சேதம் பொருளாதார வரம்பைத் தாண்டினால் மட்டும் மருந்தடிக்க வேண்டும். இவற்றில் எதையும் ஒரு விவசாயி மட்டும் செய்து பயனில்லை. ஊர் சேர்ந்து செய்ய வேண்டும்.

அடுத்த பயிர் கத்தரியா?

கத்தரியில் தண்டு மற்றும் காய்த்துளைப்பானைத் தடுக்கப் பி.டி. கத்தரி உருவாக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. வங்காளதேசம் 2013-இல் அனுமதித்து, அடுத்த ஆண்டு பயிரிடத் தொடங்கியது. உணவுப் பாதுகாப்பு பற்றியே இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படுகிறது. பருத்தியின் வரலாறு இன்னொரு கேள்வியையும் முன்வைக்கிறது. கத்தரிக் காய்த்துளைப்பான் பெரும்பாலும் கத்தரியையே உண்ணும் பூச்சி. உணவுப் பழக்கத்தில் அது அமெரிக்கன் காய்ப்புழுவை அன்றி, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவையே ஒத்தது. அரை ஏக்கர் கத்தரி போடுபவர் புகலிடப் பயிருக்கு இடம் விடுவாரா, விட்டால் அவர் இழப்பை யார் ஈடுசெய்வார் என்பதற்கு விடை கண்ட பிறகே விதையைக் கொடுக்க வேண்டும்.

பி.டி. மரபணு புழுவைக் கொல்லும் திறன் உடையது என்பதில் ஐயமில்லை. அத்திறன் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதை ஆய்வகம் முடிவு செய்வதில்லை. புகலிட வரிசைகளும், பருவம் முடிந்து பிடுங்கப்படும் செடிகளும், அவற்றுக்காக விவசாயிக்கு அரசு தரும் துணையுமே அதை முடிவு செய்கின்றன.